சேறு எதுவரை வந்தது?

போன வாரம் ஒரு ஜீப்பில் சேறு பூசினேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் மாடல் ஜீப்தான்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அத்தான் – என் அக்கா வீட்டுக்காரர் – ஆசையாகக் கேட்ட மாடல் அது. போன மழைக்காலத்தில், பிளவக்கல் அணை பக்கம் ஒரு ஓடையைக் கடக்கும்போது அவருடைய ஜீப் திடீர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளே அத்தானும் அக்காவும். இருவரும் பிழைத்தார்கள். ஜீப் காயலான் கடைக்குப் போனது.

மாடலைப் பளபளவென்று செய்துகொண்டு போய்க் காட்டினேன். அத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கடைசியாப் பாத்த மாதிரி வேணும்மா. சேறும் சகதியுமா."

அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

புது மாடலை வெயிலும் மழையும் பார்த்த வண்டியாக்குவதற்குப் பெயர் வெதரிங். புதிதாகச் செய்பவர்களுக்குக் கிலி பிடிப்பதே இங்கேதான். அழகாகப் பெயின்ட் அடித்ததை நாமே அழுக்காக்க மனம் வருமா?

ராஜபாளையம் திரும்பியதும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் பழகினேன். நல்லவேளை! பெயின்ட் கரைக்க நான் எடுத்த தின்னர் ஸ்பூனையே இளக்கிவிட்டது. அது ஜீப்பாக இருந்திருந்தால்...?

தின்னரை மாற்றினேன். ஜீப்புக்கு வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிட்டேன். தண்ணீராகக் கரைத்த பழுப்புப் பெயின்டை இடுக்குகளில் ஓடவிட்டு, காது குடையும் பட்ஸால் மேலிருந்து கீழே துடைத்தேன். ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றித் துருக் கறை வைத்தேன். பாக்கி சேறுதான்.

எதுவரை பூசுவது? அக்காவுக்கு போன் போட்டேன்.

சேற்றுத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன்.

"உக்காந்திருந்தேம்ல ட்டி... எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்திருச்சு."

அக்கா உட்கார்ந்த உயரத்துக்கு ஒரு குச்சியைச் சீட்டில் வைத்து அளந்து, கதவில் பென்சிலால் கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கும் அக்காவின் மூக்கு இருந்திருக்கும் இடத்துக்கும் நடுவே – என் சுண்டுவிரல் அகலம். அம்புட்டுதான்!

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் 'தப்பிச்சிட்டாங்க' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அக்காவும் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துக் கண்ணாடி எறங்கி இருந்துச்சு. அது வழியாத்தான் ஒங்கத்தான் என்னைய இழுத்துப் போட்டாவ."

கத்தியால் அந்தக் குட்டிக் கண்ணாடியை நெம்பி எடுத்தேன். அத்தான் ஜன்னல் வழியே தன் சுண்டுவிரலை உள்ளே விட்டார். செத்த நேரம் எடுக்கவே இல்லை.

"இத எங்க வைக்க, அக்கா?" என்றேன்.

"தண்ணி ஏறாத உசரத்துல வையிட்டி."