மாமாவின் ஜாம் போத்தல் அட்டைகள்

மாமாவின் காற்புண்ணை ஆற்ற வந்த அட்டைகளை மூன்று முறை கொன்றவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

மாமா கட்டாரில் கட்டட வேலை செய்தவர். கம்பி கிழித்த காலோடு விடுமுறையில் ஆரையம்பதிக்கு வந்தார். புண் ஆறுவது போல இருக்கும், பிறகு வெடிக்கும். சித்திரை முடிவதற்குள் திரும்பிப் போகாவிட்டால் விசா இல்லை. புண் ஆறாமல் மெடிக்கலில் தேறவும் முடியாது. ஏஜென்சிக்காரர் கிழமைக்கொரு தடவை போன் எடுத்து, மாமாவைச் சுகம் கேட்காமல் புண்ணைச் சுகம் கேட்பார். எல்லாக் களிம்பும் பூசிப் பார்த்த மாமி, கடைசியில் மாமாவை ஓட்டோவில் ஏற்றி ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் கூட்டிப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறைய விடாத சத்து இருக்கிறது, தேங்கிய இரத்தம் ஓடிவிட்டால் புண் தானாக ஆறும் என்று அந்த வைத்தியர் அம்மா விளக்கினார். பதினேழாம் மாடியில் கயிறில்லாமல் நின்ற கதை சொல்லும் மாமா, சுவர்ப் பக்கம் திரும்பி, கடித்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அட்டைகள் அப்போது பாதி வயிறு குடித்து முடித்திருந்தன. மஞ்சள்தூள் போட்டதும் கழன்று விழுந்தன. இரத்தம் மட்டும் பொழுதுபடும் வரை நிற்கவில்லை.

ஒரு கிழமையில் புண்ணின் ஓரம் சிவந்து துளிர்த்தது. மாமா அதைப் பரீட்சை முடிவு பார்ப்பது போலப் பார்த்தார்.

ஒருவரைக் கடித்த அட்டையை இன்னொருவருக்கு விடக்கூடாதாம். அதனால் நாலு அட்டைகளையும் ஜாம் போத்தலில் போட்டு, அடுத்த தடவைக்கென்று எங்களிடமே தந்துவிட்டார்கள். அவை செத்தால் புதிது பிடித்துவரக் கிழமைக்கணக்காகுமாம். தினமும் கிணற்றுத் தண்ணீர் மாற்ற வேண்டும். மாமி போத்தல் இருந்த பக்கமே போகமாட்டார். பொறுப்பு எனக்கு வந்தது.

கிணற்றுத் தண்ணீரில் அவை சோர்ந்து கிடப்பதாக எனக்குப் பட்டது. வளவுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வாவி இருக்கிறது. மீனும் இறாலும் அதில் சந்தோசமாகத்தானே இருக்கின்றன? அள்ளி ஊற்றினேன். வாவித் தண்ணீரின் உப்பை நான் யோசிக்கவில்லை. காலையில் நாலும் ஊறிய புளி போலக் கிடந்தன.

அழுதுகொண்டு மாமாவிடம் ஓடினேன். அவர் போத்தலை வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு ஓர் ஐஸ்பழம் வாங்கித் தந்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லாத புள்ள. அதுகளுக்கு வயசு போயித்து.”

மாமியிடமும் அதையே சொன்னார். நாலுக்கும் ஒரே நாளிலா வயது போனது என்று மாமி கேட்டார்.

இரண்டாம் முறை அட்டை வந்தபோது, இனிக் கிணற்றுத் தண்ணீர்தான் என்று மாமாவிடம் சத்தியம் செய்தேன். அவர் யோசித்தார். கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே சீவிப்பது பாவம், வாவியையும் கொஞ்சம் காட்டு என்றார். பெரியவர் சொல்லைத் தட்டுவதா? மறுநாள் நாலும் செத்தன, எனக்கு ஐஸ்பழம் கிடைத்தது. வீட்டில் யாராவது உப்புப் போடுகிறீர்களா என்று வைத்தியர் கேட்டார். உப்புப் போத்தலை யாரும் தொடவில்லை என்று மாமா சாமி மேல் ஆணையிட்டார். அது உண்மைதான்.

மூன்றாம் முறை அட்டையோடு திரும்பும்போது, பழையவற்றைச் சாகவிட்டதற்காக மாமி வழியெல்லாம் ஊர் கேட்க மாமாவை ஏசிக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டு தடவை விட்டால் புண் ஆறிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அன்று மதியம் மாமா படுத்துக் கிடந்தபோது, மாமி அந்தப் போத்தலை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் திகைத்துப் போனேன்.

“தண்ணி மாத்தினியா?”

“இல்ல மாமி.”

அவர் வாவிப் பக்கம் பார்த்தார்.

“நீ வழமையா ஊத்துற தண்ணியவே ஊத்து மகள். நான் சொன்னனெண்டு மாமாக்குச் சொல்லாத.”

இப்போது என்னிடம் ஒரே போத்தலைப் பற்றி ஒரே வீட்டு ஆட்களின் இரண்டு இரகசியங்கள் இருந்தன. இரண்டையும் காப்பாற்றினேன்.

சித்திரை கழிந்தபின் வந்த அட்டைகளுக்கு மாமியே கிணற்றில் அள்ளித் தண்ணீர் மாற்றினார். புண் ஆறியது. மாமா மட்டக்களப்பில் ஒரு கடைக்கு லொறி ஓட்டப் போனார். அட்டைகளின் சாவுக்குக் காரணம் தங்கள் கெட்ட காலம்தான் என்று இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு விளங்காமல் போனது விசா முடிந்துவிட்டதென்று ஏஜென்சிக்காரர் சொன்ன நாள்தான். மாமி முற்றத்தில் நின்று விதியை உரக்கத் திட்டிவிட்டு, உள்ளே போய்ப் பாயாசம் காய்ச்சினார். தலையில் கைவைத்து இருந்த மாமா மூன்று கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்று யாருடைய பிறந்தநாள் என்று நான் கேட்டேன். மாமி என் கிண்ணத்தையும் நிரப்பினார்.