தூங்கலாமா என்று கேட்ட கம்ப்யூட்டர்

எங்கள் தொழிலில் கம்ப்யூட்டர் ஓடும்போது வரும் புகார்கள் கொஞ்சம்தான். அது தூங்கி எழுந்தபின் வருபவைதான் உயிரை வாங்கும். ஆலைகளுக்கு புரோகிராம் எழுதிப் பிழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 2000 பரவிய சமயம், ஸ்ரீபெரும்புதூரில் கார் பிரேக் சிலிண்டர் செய்யும் ஆலையில் நான்தான் சாஃப்ட்வேர் ஆள். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை அடைத்துக் கசிவு பார்க்கும் மெஷின் ஒன்று உண்டு. அது அனுப்பும் அளவை வாங்கி, 'பாஸ்', 'ஃபெயில்' என்று திரையில் காட்டுவது என் புரோகிராம்.

மூன்று பீஸ், ஒரே அளவு

மெஷினில் நிற்பவர் தேவகி, வல்லம் வடகாலிலிருந்து வருபவர். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிட்டது. எழுந்தபோது மெஷினோடு இருந்த தொடர்பு அறுந்திருந்தது. என் புரோகிராமுக்கு அது தெரியவில்லை. கடைசியாக வந்த அளவையே திரும்பத் திரும்பக் காட்டி 'பாஸ்' போட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது சிலிண்டரிலேயே தேவகி லைனை நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் சங்கரபாண்டி சத்தம் போட்டும் அவர் அசையவில்லை. நான் ஓடினேன். மூன்றையும் மறுபடி சோதித்தோம். ஒன்று கசிந்தது. யாருடைய காரிலோ பிரேக்காகப் போயிருக்கும்! தேவகியிடம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கடேசி நம்பரு வரைக்கும் ஒண்ணாவே கீது சார், மூணும் இன்னா ஒரே வயித்துல பொறந்துதா?" என்றார்.

முடியாது என்று சொல்லும் உரிமை

அன்றே கையேட்டை எடுத்துப் படித்தேன். தூங்குமுன் விண்டோஸ் ஒவ்வொரு புரோகிராமிடமும் 'தூங்கலாமா?' என்று செய்தி அனுப்பிக் கேட்கும். ஒரே ஒரு புரோகிராம் 'முடியாது' என்றாலும் தூங்காது. அட, இவ்வளவுதானா! எப்போது கேட்டாலும் 'முடியாது' என்று பதில் சொல்லும்படி எழுதி, எல்லாக் கம்ப்யூட்டரிலும் பெருமையாகப் போட்டேன். ரிப்போர்ட் பார்ப்பதற்காக சங்கரபாண்டி வைத்திருந்த லேப்டாப்பிலும்.

மறுநாள் மாலை அவர் லேப்டாப்பை மூடி, பையில் போட்டு, முதுகில் மாட்டிக்கொண்டு மறைமலை நகருக்குக் கம்பெனி பஸ் ஏறினார். மூடியதும் விண்டோஸ் கேட்டிருக்கிறது. என் புரோகிராம் மறுத்திருக்கிறது. பாதி வழியில் இறங்கி டெலிபோன் பூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். மனுஷர் திருநெல்வேலிக்காரர்.

"பைக்குள்ள என்ன சார் இட்லியா வேவுது? முதுகுல தோசையே சுட்டுரலாம் போல!"

கேட்காமல் படுத்தால்

பிறகு ஒழுங்காக எழுதினேன். சோதனை நடக்கும்போது மட்டும் மறுப்பு, மற்ற நேரம் சம்மதம். 'தூங்குகிறேன்' என்ற செய்தி வந்தால் மெஷின் தொடர்பை மூடுவது, 'எழுந்துவிட்டேன்' என்றால் புதிதாகத் திறப்பது. ஆனால் பேட்டரி அடியோடு காலியானால் விண்டோஸ் யாரையும் கேட்காது. படுத்துவிட்டு, எழுந்தபின்தான் சொல்லும். அதற்கும் வழி செய்து வைத்தேன்.

வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் புதிய லைன் ஓடும். புது லைனுக்குக் கம்ப்யூட்டர் இன்னும் வராததால் சோதனை சங்கரபாண்டியின் லேப்டாப்பில் நடந்தது. யார் கால் பட்டதோ, பிளக் கழன்றிருந்தது. பேட்டரி குறைகிறது என்ற எச்சரிக்கை என் புரோகிராமின் பெரிய திரைக்குப் பின்னால் மறைந்துபோனது. நடுச் சோதனையில் திரை இருண்டது. சங்கரபாண்டி பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். பிளக்கைச் சொருகி, பட்டனை அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. திரை வந்தது: 'சோதனை பாதியில் நின்றது. இந்தச் சிலிண்டரை மறுபடி வைக்கவும்.'

அந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தார். தேவகி சிலிண்டரை மறுபடி வைத்தார். சோதனை முடிந்ததும் கையெழுத்துப் போட்டபடி அந்த அம்மா சொன்னார்:

"தெரியாததைத் தெரியலைன்னு சொல்ற மெஷினை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

கேட்டுவிட்டுத் தூங்குவதையும் கேட்காமல் தூங்குவதையும் ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன். மத்தியான மீட்டிங்கில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் மேனேஜர்களைப் பற்றித்தான் எந்த விண்டோஸும் செய்தி அனுப்புவதில்லை.