பாம்பு பார்க்க வந்த திரீவீல் அண்ணன்

இலங்கையில் எஹலியகொடப் பக்கம் எங்கள் தோட்டக் குடியிருப்பில் வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் திரீவீல் ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணனைத்தான் கூப்பிடுவோம். பருத்த உடம்பு, கழுத்தில் ஜெபமாலை. எந்த வீட்டுக்கு வந்தாலும் முதலில் வாசலில் குந்தி, தரையோடு தரையாகக் கண்ணை ஓட்டுவார்.

அன்று காலை நான் மகளின் பாயைச் சுருட்டியபோது, வெள்ளை வரி போட்ட ஒரு கறுத்த பாம்பு நெளிந்துபோய் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளிந்தது. அண்ணன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இதே மாதிரி வரியோட விஷமில்லாத பாம்பும் இருக்குங்க. ஆனா இதுக்கு நடுமுதுகுச் செதில் பெருசா இருக்கு. கரவலாதான்.”

கட்டுவிரியனைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிடித்துவிடுங்கள் என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“பாயில யாரு படுத்திருந்தா?”

“மகதாண்ணே. வயித்து வலின்னு பக்கத்து வீட்டுல படுத்திருக்கா. கடிச்ச தடம் ஒண்ணுமில்ல.”

“இது கடிச்சா வலிக்காதுங்க, தடமும் தெரியாது. வயித்து வலிதான் மொதல்ல வரும். புள்ளையத் தூக்குங்க!”

கதவைச் சாத்திவிட்டு வண்டியை விரட்டினார். ஆஸ்பத்திரியை நெருங்கும்போது மகளின் கண்ணிமைகள் தானாகச் சரிந்தன. அவர் ஓடிப்போய், எந்தப் பாம்பென்று டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னார். உடனே மருந்து ஏற்றினார்கள். அதன் பிறகுதான் அவர் திரும்பிப்போய்ப் பாம்பைப் பிடித்தார்.

மகள் பிழைத்து வீடு திரும்பியதும் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“பாம்ப அப்புறமாக்கூடப் புடிச்சிக்கலாங்க,” என்றார்.

வாளிக்குப் பின்னால் பாம்பு இருக்கும்போது, பாயில் படுத்திருந்தவளைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றியதே, அதை நினைத்து இன்றும் வியக்கிறேன்.