குமிழி ஒயினும் விழுப்புரம் பஸ்ஸும்

விழுப்புரத்தில் மாமியார் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் பிரியாணி யார் வேண்டுமானாலும் கிண்டலாம். ஒயின் மட்டும் மாமியாருடையது. ஐப்பசியில் பன்னீர் திராட்சை ஜாடிக்குள் போகும், கார்த்திகையில் வேட்டித்துணியில் வடியும். போன வருடம் அந்த ஒயினில் குமிழி வரவைக்கிறேன் என்று நான் கிளம்பினேன். புத்தி அப்படி.

மனைவியின் பெரியப்பா பிரான்சில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் போனில் சொன்னார்: "ஒயின் குளிர்ல தூங்கும், வெயில் வந்தா முழிச்சிக்கும். அப்ப பாட்டில்ல அடைச்சி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டா உள்ளயே பொங்கும். அப்புறம் பாட்டிலைத் தலைகீழா வெச்சி தெனம் கொஞ்சம் திருப்பு. அடியில தங்கற மண்டி கழுத்துக்கு வந்துரும், மூடியத் தொறந்தா அது மட்டும் வெளிய போயிரும்."

நாங்கள் இருக்கிற திண்டிவனத்தில் ஒயின் எப்போது தூங்கும்? மார்கழியிலும் ஃபேன் போடுகிற ஊர். குழப்பத்தோடு, பாட்டிலில் பொங்க நாள் வேண்டுமே என்று புரட்டாசியிலேயே ஜாடி போடச் சொன்னேன். மாமியார் நம்பி, வடித்த அத்தனையையும் கொடுத்துவிட்டார். சொதப்பினால் விருந்துக்குச் சொட்டு ஒயின் கிடையாது.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு அடைத்து, எங்கள் வீட்டு ஹாலோ பிளாக் ஓட்டைகளில் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகினேன். காலையில் நான் வலப்பக்கம் திருப்புவேன். நான் மறந்திருப்பேன் என்று மாலையில் மனைவி இடப்பக்கம் திருப்புவாள். இது தெரிவதற்குள் மாதம் ஓடிவிட்டது. ஆனாலும் எப்படியோ மண்டி கழுத்தில் இறங்கியிருந்தது.

அது கலங்காமலிருக்க, கிறிஸ்துமஸ் காலையில் விழுப்புரம் பஸ்ஸில் பாட்டில்களை மடியில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னா சார், உள்ள இருக்கறதுக்கு மயக்கம் வரப்போவுது," என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

விக்கிரவாண்டி வேகத்தடையில் பஸ் எகிறியது. நானும் எகிறினேன். மண்டியும் எகிறியது.

மாமியார் வீட்டில் மூடிகளைத் திறந்தேன். பாதி ஒயின் சீலிங்குக்குப் போனது. மீதி கேப்பைக்கூழ் நிறத்தில் நுரைத்தது. மனைவியின் சித்திகள் காலி டம்ளரோடு என்னையே பார்த்தார்கள்.

"இதத்தான் பிரான்ஸ்ல குடிக்கிறாங்களா மாப்ளே?" மாமியார் கேட்டார்.

"தலைகீழாத்தான் புடிச்சிட்டு வந்தேன். பஸ் குலுக்குனதால இப்படி ஆயிடுச்சி, அத்தை."

மாமியார் அதே வேட்டித்துணியை எடுத்து, எல்லாவற்றையும் வடித்தார். மண்டி போயிற்று. குமிழியும் போயிற்று.

"இந்த வருசம்தான்கா ரொம்ப நல்லாருக்குது," என்றார்கள் சித்திகள்.

யாரைப் புகழ்கிறார்கள்? என்னையா, வேட்டியையா? ஒரு குமிழியாவது மிஞ்சியிருக்கிறதா என்று டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

"ஐய, அதையும் தலைகீழாப் புடிச்சிடாதீங்க மாப்ளே," என்றார் மாமியார்.