அப்பாவின் பிஸ்மில்லா

இம்பாபாவில் எங்கள் சந்தே என் அப்பா மித்வல்லியை ‘முஅல்லிம்’ என்றுதான் கூப்பிடும்; கைதேர்ந்த கறிக்கடைக்காரருக்கு அங்கே அதுதான் மரியாதைப் பேர். முப்பது வருடமாக அரசு அறுப்புக்கூடத்தில் தன் கையால் அறுத்து, கடையில் விற்றவர். மனசுக்குள் பிஸ்மில்லா என்று அல்லாவின் பேரைச் சொல்லாமல் கத்தியை எடுத்ததில்லை.

என் தம்பி ஸஃப்வத் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கையில் வீட்டில் கறி தொடுவதை நிறுத்தினான். வஜ்தி உஸ்தாதின் புத்தகம் அவன் தலையணைக்கடியில் இருந்தது. எங்கள் சந்தில் வாத்தியாராக இருந்து, பிறகு சிறைக்குப் போய் அந்தப் புத்தகத்தை எழுதி, தூக்கிலேறியவர். மனிதன் போட்ட சட்டத்துக்குப் பணிகிறவன் முஸ்லிமே இல்லை என்று எழுதியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

“தின்னுடா. காலைல அறுத்த கறி.”

“ஆட்டுத் தொடையில யாரு குத்துன முத்திரைப்பா?”

“வேற யாரு, அரசாங்கம்தான். முத்திரை இல்லாட்டி கடையைப் பூட்டிருவான்.”

“அதுக்குத் தலையாட்டுறவங்க கை அறுத்தது எனக்கு ஆகாது.”

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். அப்பா சிரிக்கத்தான் பார்த்தார்.

“உன் உஸ்தாத் வியாழக்கிழமை தவறாம நம்ம கடை ஈரல்தான்டா தின்னாரு. ‘முஅல்லிம், கொழுப்பை எடுத்துருங்க’ம்பாரு.”

“அது அவரு எழுதுறதுக்கு முந்தி.”

அப்பா தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். மறுமாதம் ஸஃப்வத் தோழர்களோடு அரசாங்கச் சட்டம் எட்டாத பாலைவனக் குகையொன்றில் குடியேறப் போனான். போலீஸ் அங்கேயே பிடித்தது; பத்து வருடச் சிறை.

மகன் தன் கையால் எதையாவது வாங்கித் தின்ன வேண்டும். அப்பாவுக்கு அது ஒன்றே குறி. சிறைக்கு நான் அவித்த மொச்சையும் முட்டையும் கொண்டுபோனார்.

“என்ன முஅல்லிம், கடையில கறி தீந்துபோச்சா?” என்றான் காவலன்.

“மாடு லீவுல இருக்கு” என்றார் அப்பா.

கம்பிக்கு அந்தப்பக்கம் ஸஃப்வத் எலும்பாய் நின்றான். மொச்சையை முகர்ந்தான்.

“கொழுப்பு சேர்த்திருக்கா?”

“வெறும் எண்ணெய்டா. உங்கக்கா செஞ்சது. நான் தொடவே இல்ல.”

அவன் தின்றான். வழித்துத் தின்றான். அப்பா கைகளைப் பின்னால் கட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அறுக்கும்போது பிஸ்மில்லாவைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு தடவை போதாமல் மூன்று தடவை.

“ஆட்டுக்குக் காது கேக்காதா முஅல்லிம்?” என்று அறுப்புக்கூடத்தில் கேலி செய்தார்கள்.

“சொன்னேனா இல்லையான்னு சந்தேகமா இருக்குப்பா” என்றார்.

அவன் சிறைக்குப் போன நான்காவது வருடம் அப்பா இறந்தார். ஸஃப்வத் விடுதலையாக இன்னும் ஆறு வருடம் இருந்தது.