கோமளம் கட்டிய மூட்டை

சாரங்கபாணியை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பக்கத்து வீட்டு ஆண்பிள்ளை, செங்கல்பட்டுக் கோர்ட்டில் காப்பி எழுதும் குமாஸ்தா, நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொள்கிறவன். இருந்தாலும் அவனை நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வரும். நான் சொல்ல வந்தது அவன் பெண்டாட்டி கோமளத்தைப் பற்றி. அவனைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாதபடி அவள் ஜன்மம் அமைந்துவிட்டது.

கோமளம் காஞ்சிபுரத்துப் பெண். பாவாடை கட்டும் வயதில் வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தவள். அவளுக்குக் குழந்தை இல்லை. நகை வேண்டும், புடவை வேண்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆசைதான். "ஒரு தடவை சமுத்திரத்திலே இறங்கி நின்னுட்டு வரணும் ருக்கு, அது எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்" என்பாள். மகாபலிபுரம் என்ன காசியா? கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடல். அதைக்கூட அவளுக்குக் காட்ட அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை.

ஆனால் அவன் மட்டும் வருஷம் தவறாமல் போவான். மாசி மகத்துக்கு அங்கே பெருமாள் கடற்கரைக்கு எழுந்தருளுவார். எங்கள் தெருவிலிருந்து ஐந்து ஆண்கள் கால்நடையாகப் போய்த் தீர்த்தமாடிவிட்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் பாஷ்யமும் அதில் ஒருவர், அதையும் சொல்லிவிடுகிறேன். 'நடைக் கோஷ்டி' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்ததும் சாரங்கபாணி ஒரு செம்பிலிருந்து கடல் தண்ணீரைக் கோமளத்தின் தலையில் தெளிப்பான். "உனக்கும் ஸ்நானம் ஆயிடுத்து, போ" என்பான். அவள் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஆந்திரா பிரிந்து போனதற்கு மறு வருஷம் மாசியில் ஒரு சங்கடம் வந்தது. கோஷ்டிக்குச் சமைத்துப் போட்டு, மூட்டையும் சுமந்த பரிசாரகர் மெட்ராஸில் ஏதோ ஓட்டலில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஐந்து பேரும் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் சாரங்கபாணி உள்ளே வந்து, "ஏண்டி, நீயும் கிளம்பு. தளிகைக்கு ஆள் வேணும்" என்றான். தளிகைக்கு என்பது அவள் காதில் விழவே இல்லை. கொல்லை வழியாக என்னிடம் ஓடி வந்து, "ருக்கு, என்னைச் சமுத்திரத்துக்கு அழைச்சிண்டு போறாராம்" என்றாள். எனக்குக் கைக்குழந்தை, போக முடியாது. போகிறவளைப் பார்த்தாவது சந்தோஷப்படலாம் என்று மூட்டை கட்ட ஒத்தாசைக்குப் போனேன்.

அந்த மூட்டை கட்டுகிற அழகை எப்படிச் சொல்வது? மடித் துணி ஒரு மூட்டை. குளித்துவிட்டு ஈரத்தோடு தோய்த்து உலர்த்தி, வேறு யார் கையும் படாமல் எடுத்து வைப்பதுதான் மடி. அது வழியில் கண்டதிலும் பட்டுவிடக் கூடாதென்று கம்பளியில் சுற்ற வேண்டும். கம்பளிக்குத் தீட்டில்லை என்பது ஐந்து பேரின் தீர்மானம். சோறு வடிக்கிற பாத்திரங்கள் ஒரு மூட்டை. சோறு பட்டது பத்து. அது மற்றதில் படக் கூடாது. ஆகவே நெய், முந்திரி, வாழைக்காய் வறுவல், அப்பளம் எல்லாம் தனி மூட்டை, அதற்கும் கம்பளி. இதற்கு மேல் குமுட்டி அடுப்பு, கரி, அரிவாள்மணை, கூஜா, ஐந்து ஜமக்காளம், ஐந்து தலையணை. சாரங்கபாணிக்கு மட்டும் காலுக்கு இன்னொரு தலையணை. தீர்த்த யாத்திரைக்குக் காலுக்குத் தலையணை எடுத்துப் போன பக்தனை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

கோமளம் தனக்கென்று வைத்துக்கொண்டது கடலில் குளித்துவிட்டுக் கட்ட ஒரு நூல் புடவை. அதையும் அவன் உருவி வெளியே எறிந்தான். "இந்த இடத்திலே அப்பளக் கட்டு வைக்கலாம்" என்றான். அவன் அப்பால் போனதும் அவள் புடவையைக் குமுட்டி அடுப்புக்குள் திணித்து மேலே கரியைப் போட்டு மூடினாள். கரிப் பொடி அப்பினாலும் பரவாயில்லை என்றாள்.

முதல் நாள் திருக்கழுக்குன்றம் வரைக்கும் நடை. ஜமக்காளச் சுருட்டுகளை ஆண்கள் முனகிக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டார்கள். மடி மூட்டையும் பாத்திரமும் அடுப்பும் கோமளத்தின் தலையிலும் இடுப்பிலும். சத்திரத்தில் இறங்கியதும் அவளே தண்ணீர் இறைத்து, அவளே சமைத்து, ஐந்து பேருக்கும் பரிமாறி, மிச்சத்தைத் தின்றாள். சுணங்கவில்லை. விடிந்தால் கடல்.

விடிந்தது. சத்திரத்து வாசலில் ஒரு கூண்டு வண்டி நின்றது. அப்போதுதான் நடைக் கோஷ்டியின் லட்சணம் அவளுக்குத் தெரிந்தது. ஊரார் பார்க்கிற பாதி வழிக்குத்தான் நடை. அதற்கப்புறம் வருஷா வருஷம் மாட்டு வண்டி. வண்டியில் ஐந்து பேருக்குத்தான் இடம். கோமளம் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எங்கே?" என்றான் சாரங்கபாணி. "மடி மூட்டையை யாரை நம்பி விட்டுட்டு வரது? கண்டவா தொட்டுட்டா எல்லாம் போச்சு. நீ இரு. நாங்க திரும்பறச்சே பசி உயிர் போகும், தளிகையை முடிச்சு வை."

மற்ற நால்வரும் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். என் வீட்டுக்காரரும்தான். வெட்கம் கெட்ட ஜன்மங்கள். வண்டி போய்விட்டது.

அவள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை என்று என்னிடம் சொன்னாள். சத்திரத்து வாசலைப் பெருக்குகிற சந்திரம்மா என்பவள் விளக்குமாற்றோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, அவங்கல்லாம் பூட்டாங்க, நீ மட்டும் குந்திகினு கீறே?"

"மூட்டையைப் பாத்துக்கணும்."

"அத்த யாரு தூக்கினு போவப் போறா? மகத்துக்கு பஸ்ஸு வுட்டுக்கீறாங்க. தோ, கொளத்தாண்ட நிக்குது. நீ போயிட்டு வா. நான் இப்பிடி வெளியவே குந்திக்கிறேன், தொட மாட்டேன்."

கோமளம் கதவைச் சாத்தினாள். டிக்கெட்டுக்கு, ஊரிலிருந்து கிளம்பும்போது என்னிடம் வாங்கிப் போன சில்லறை இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகப் புருஷனைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள்.

கடற்கரையில் பெருமாளுக்கு அந்தப் பக்கம் முழுக்க இருளர் ஜனம். குழந்தை குட்டியோடு குடும்பம் குடும்பமாக வந்து மணலில் இறங்கியிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பானை, ஒரு பாய். உடுத்துகிற சேலையையே நாலு குச்சியில் கட்டிக் கூடாரம். அவர்கள் பெண்களோடு பெண்ணாக இவளும் இறங்கினாள். முதல் அலையில் விழுந்தாளாம். யாரோ ஒருத்தி கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாளாம். "உப்புன்னு சொல்லுவா, ஆனா இவ்வளவு உப்புன்னு யாரும் சொல்லலையே ருக்கு" என்று அவள் என்னிடம் சொன்னபோது அந்த முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் திரும்பி வந்தபோது ஐந்து பேரும் சத்திரத்தில் இருந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. வாசலில் சந்திரம்மா சொன்னபடியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெரிய விசாரணை நடந்துகொண்டிருந்தது: சந்திரம்மா காவல் இருந்ததால் மூட்டைக்குத் தீட்டா, இல்லையா? தீட்டென்றால் அத்தனையையும் கொட்ட வேண்டும். நெய்யையும் முந்திரியையும் நினைத்துப் பார்த்து, என் வீட்டுக்காரர்தான் தீர்ப்புச் சொன்னாராம்: கம்பளி சுற்றியிருப்பதால் மூட்டைக்குத் தோஷமில்லை. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

கோமளம் நிலைப்படியில் நின்றாள். உலர்ந்த உப்பு கையில் வெளுத்திருந்தது, காலெல்லாம் மணல்.

"பஸ்ஸிலே கண்டவாளோட ஒட்டி உரசிண்டு வந்திருக்கே" என்றான் சாரங்கபாணி. "உள்ளே வராதே, தீட்டு. கிணத்தடிக்குப் போய்த் தலையோட குளிச்சுட்டு வந்து அடுப்பை மூட்டு."

முந்திரிக்குத் தீட்டில்லை, கோமளத்துக்குத் தீட்டு. இதை எழுதும்போதுகூட எனக்கு வாய் கசக்கிறது.

"நான் குளிச்சாச்சு" என்றாள் கோமளம்.

"எங்கே?"

"சமுத்திரத்திலே."

"அது செல்லாது. கிணத்திலே குளி."

"மாட்டேன்."

அவன் கத்தினான். குளிக்காதவள் சமைக்கக் கூடாது, பாத்திரம் தொடக் கூடாது, மடியின் கிட்டேகூடப் போகக் கூடாது என்று விதிகளை வரிசையாகச் சொன்னான். "சரி" என்று சொல்லிவிட்டு அவள் வெளிவாசலில் போய்ப் படுத்துக்கொண்டாள். சந்திரம்மா கொடுத்த வேர்க்கடலையைத் தின்றதாகவும் சொன்னாள். உள்ளே ஐந்து மகான்களும் வறுவலை நொறுக்கிப் பசியாறினார்கள்.

மறு நாள் ஊர் திரும்பல். செங்கல்பட்டுச் சாலையில் தெரிந்தவர்கள் நடமாட்டம், வண்டி ஏற முடியாது. கூலி ஆள் வைத்தால் மடி போய்விடும். கோமளம் தொடக் கூடாது. அது அவர்களே போட்ட சட்டம். ஆகவே அடுப்பு, பாத்திரம், அரிவாள்மணை என்று மலையாகக் குவிந்த அத்தனையையும் ஐந்து பேரும் பங்கு போட்டுத் தூக்கினார்கள். மடி மூட்டை சாரங்கபாணியின் தலையில். கோமளம் வெறுங்கையோடு முன்னால் நடந்தாள்.

நென்மேலிக்கு முன்னால் மனித வாடையே இல்லாத ஓரிடத்தில் அவன் எட்டி நடந்து அவள் பக்கத்தில் வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்காதபடி, "யாரும் பாக்கலை. இதைக் கொஞ்சம் வாங்கிக்கோடி" என்றான்.

கோமளம் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தீட்டாச்சே" என்றாள். சொல்லிவிட்டு நடந்தாள்.