இடது கண்: 6/6

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் கண் பரிசோதனை அட்டையில் நான் பொய் எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை. சந்தேகம் வந்து, பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்து, அதற்குப் பிறகு எழுதினேன். பள்ளிக்கூடங்களில் நர்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்கள் படிக்கட்டும் என்று இதைச் சொல்கிறேன்.

1. சிக் ரூம்

முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பெரும்பாலும் விபத்துப் பிரிவு. ஓய்வு பெற்ற மறு வருடம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தேன். ஒரு கட்டில், ஒரு மேசை, பூட்டில்லாத அலமாரி. அதுதான் சிக் ரூம். முதல் நாள் மதியத்துக்குள் பிள்ளைகள் எனக்கு 'ஊசி சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னிடம் ஊசியே கிடையாது.

இந்த வேலையை நான் லேசாக நினைத்தேன். கையொடிந்து வந்தவனையும் தலை உடைந்து வந்தவனையும் பார்த்தவனுக்கு வயிற்று வலியும் மூக்கில் ரத்தமும் ஒரு வேலையா என்று இருந்தது. விபத்துப் பிரிவில் நோயாளி தன் வலியைச் சொல்லிக் கத்துவான். பிறந்ததிலிருந்து ஒரு கண் மங்கலாக இருக்கும் குழந்தை எதையும் சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியவில்லை.

வீடு சின்னாளப்பட்டி. பள்ளி வேனில்தான் போய் வந்தேன். டிரைவர் முருகேசன் முதல் நாளே முன் இருக்கையில் கிடந்த பையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, "இங்கன உக்காருங்க சார். பின்னாடி இதுக உங்களப் பிச்சுப் போட்டுரும்" என்றார். அவர் மகள் தர்ஷினி அப்போது இரண்டாம் வகுப்பு.

2. வரிசை

சேர்ந்த இரண்டாம் மாதம் தாளாளர் அழைத்தார். "சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங் சார். எல்லாப் பிள்ளைக்கும் ஹெல்த் கார்டு கையில இருக்கணும். பக்கத்து ஸ்கூல்ல போட்டோ ஒட்டியே குடுத்துட்டாங்க."

கையில் இருந்தது இரண்டு நாள். பிள்ளைகள் முந்நூறு சொச்சம். உயரம், எடை, பல், கண். வராந்தாச் சுவரில் எழுத்துச் சார்ட்டை மாட்டினேன். இருபது அடி அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன். பிள்ளைகள் வரிசையாக வந்து, கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சத்தமாகப் படித்தார்கள். பின்னால் நின்றவர்கள் காதில் அத்தனையும் விழுந்தது. பத்தாவது பிள்ளை வருவதற்குள் மொத்த வரிசைக்கும் சார்ட் மனப்பாடம். எனக்கு அது தெரியும். இருந்தும் அப்படியே நடத்தினேன்.

தர்ஷினி வலது கண்ணால் கடகடவென்று படித்தாள். இடது கண்ணுக்கு வந்ததும் வலது கண்ணைப் பொத்திய விரல்களை விரித்து, இடுக்கு வழியாக வலது கண்ணால் பார்த்தாள்.

"ஏ புள்ள, விரலச் சேத்து மூடு."

மூடினாள். தலையைச் சாய்த்தாள். பிறகு முன்னால் நின்றவன் சொன்ன அதே வேகத்தில், அதே ராகத்தில் எழுத்துகளை ஒப்பித்தாள். கடைசி வரியில் அவன் ஒரு எழுத்தைத் தவறாகச் சொல்லியிருந்தான். அதே தவறை அவளும் சொன்னாள்.

அந்த இடத்தில் நான் சார்ட்டை மாற்றியிருக்க வேண்டும். ஒரு எழுத்தைக் குச்சியால் தொட்டுக் கேட்டிருந்தால் போதும், அரை நிமிட வேலை. திங்கட்கிழமை தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, இரண்டு கண்ணுக்கும் 6/6, அதாவது பார்வையில் குறையே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை வந்தது. நான் பார்க்கவில்லை.

3. டேஷ்போர்டு

ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலை, வேன் ஓட்டிக்கொண்டே முருகேசன் சிரித்தார்.

"வீட்டுக்காரியோட ஒரே ரோதனை சார். பாப்பா டிவி பாக்கையில தலையச் சாச்சுக்கிட்டுப் பாக்குறாளாம், கண்ணு டாக்டர்ட்ட காட்டணுமாம். நான் அட்டைய எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டேன். அம்புட்டு வருசம் ஆசுபத்திரியில இருந்த மனுசன் எழுதிருக்காரு, நீ பெரிய டாக்டரானு கேட்டேன். வாயத் தொறக்கல."

டேஷ்போர்டைத் திறந்து காட்டினார். வேனின் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் இவற்றோடு அந்த அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

விரல் இடுக்கு எனக்கு ஞாபகம் வந்தது. "பழக்கமா இருக்கும் முருகேசன். அதட்டி நேரா உக்காரச் சொல்லுங்க" என்றேன். முதல் தவறுக்கு அவசரத்தைக் காரணம் சொல்லலாம். இதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

4. பேடு

தர்ஷினி நான்காம் வகுப்பில் இருந்தபோது விளையாட்டு பீரியடில் வலது கண்ணில் மண் விழுந்து சிக் ரூமுக்கு வந்தாள். கழுவினேன். உறுத்தல் நிற்கவில்லை. டாக்டரிடம் அனுப்புவதற்கு முன் கண்ணை மூடிப் பஞ்சுப் பேடு ஒட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"சார், உங்களுக்கு மூஞ்சியே இல்ல!"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எழுந்து நடந்தவள் கதவுக்குப் பதிலாக அலமாரியில் போய் முட்டினாள். மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். "எங்க சார்?" என்றாள்.

தாளாளரிடம் போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "பழசக் கிளறாதீங்க. இப்ப நீங்கதான கண்டுபிடிச்சிருக்கீங்க? அதைச் சொல்லுங்க. ஸ்கூலுக்கும் நல்ல பேரு." அன்று மாலை முருகேசனிடம் "ஒரு கண்ணுல பார்வை கம்மியாத் தெரியுது, மதுரையில காட்டுவோம், நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

மதுரையில் பரிசோதித்த பெண் டாக்டர் சொன்னார்: "பிறவியிலயே இடது கண்ணுல பவர் அதிகம். மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிருச்சு. லேஸி ஐ. ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா பெருமளவு மீட்டிருக்கலாம். இப்ப கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிப் பழக்குவோம். எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

முருகேசன் சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். "இல்லம்மா, ரெண்டு வருசம் முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. இந்தா, நம்ம சாரே பாத்து எழுதிருக்காரு. அதுக்கப்புறந்தான் கெட்டிருக்கணும்."

டாக்டர் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது இடையில வர்றது இல்ல" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் குழந்தை முருகேசன் மடியில் தூங்கினாள். வரிசை, விரல் இடுக்கு, திங்கட்கிழமை, டேஷ்போர்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொன்னா சார். நான்தான் வாயடைச்சேன்" என்றார். மனைவியைச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் காலை வேனின் முன் இருக்கையில் பை இருந்தது. நான் பின்னால் ஏறி, பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டேன்.

5. பாசிப்பருப்பு

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் தாளாளரிடமும் ஒன்றை முருகேசனிடமும் கொடுத்தேன். தாளாளர் படித்துவிட்டு மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். முருகேசன் வாங்கிக்கொண்டார். படித்தாரா என்று தெரியாது.

பிறகு பள்ளி முழுவதையும் மறுபடி பரிசோதித்தேன். மூடிய அறையில், ஒருவர் ஒருவராக, இரண்டு சார்ட்டுகளை மாற்றி மாற்றி, கைக்குப் பதில் அட்டை கொண்டு கண்ணை மறைத்து. பதினொரு நாள் ஆனது. இதே குறையோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் அகப்பட்டார்கள். ஒருவன் முதல் வகுப்பு. அவனுக்கு நேரம் இருந்தது.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தர்ஷினி சிக் ரூமுக்கு வருவாள். வலது கண்ணை மூடி ஒட்டுவேன். இடது கண்ணால் புள்ளிகளைச் சேர்ப்பாள், பாசிப்பருப்பில் நான் கலந்து வைத்த உளுந்தைப் பொறுக்குவாள். முதல் வாரம் அழுதாள். "நல்ல கண்ண ஏன் சார் மூடுறீங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். நீ செய்யவில்லை, நான் செய்தேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் "ஒத்தக்கண்ணி" என்றார்கள். அதையும் அவள்தான் சுமந்தாள்.

ஒரு வருடத்தில் சார்ட்டில் கூடுதலாக மூன்று வரி கீழே வரை படித்தாள். அதற்கு மேல் நகரவில்லை. மேலும் ஆறு மாதம் பார்த்துவிட்டு, இனி ஒட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். நீங்கள் பரிசோதிக்காத கண்ணுக்கு நேராக உள்ள கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஒரு தாய் கேள்வி கேட்பாள். நான் எழுதிய எண் தர்ஷினியின் தாயின் வாயை வருடக்கணக்கில் மூடி வைத்தது.

கடைசி நாள் பேடை எடுப்பதற்கு முன், நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றேன். "இப்ப தெரியுதா ஆத்தா?" என்றேன்.

தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தாள்.

"மூஞ்சி இருக்கு சார். கண்ணுதான் தெரியல."